பதின்மூன்று கிராம்பு

குமுளி பாரிஷ் ஹாலில் வருஷா வருஷம்
டிசம்பர் இரண்டாம் ஞாயிறு
வீட்டு வைன் போட்டி.
எனக்கு ஒவ்வாத விதி ஒன்றுதான்:
குப்பியோடு செய்முறையும் தரவேண்டும்,
சொந்தக் கையெழுத்தில், ஒரு பக்கம்.
முடிவு சொன்னதும் எல்லாத் தாளையும் சுவரில் ஒட்டிவிடுவார்கள்.
யார் வேண்டுமானாலும் பார்த்து எழுதிக்கொள்ளலாம்.

போன வருஷம் எழுதினேன்:
ராயப்பன்பட்டிப் பன்னீர் திராட்சை மூன்று கிலோ. உண்மை.
லோயர் கேம்ப் பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தது.
செக்போஸ்ட்டில் ஏறிய காக்கிச்சட்டை
ஒரு பழத்தைத் தின்றுவிட்டு இறங்கிப் போனது.
சர்க்கரை இரண்டரை. உண்மை.
கோதுமை ஒரு கைப்பிடி.
என் கை சின்னது, அதையும் எழுதினேன்.
பரணி வாயைத் துணியால் கட்டி
பன்னிரண்டு நாள் மரக்கரண்டியால் கிண்டி
பிறகு ஒன்பது நாள் தொடாமல் விடவும்.

கிராம்பு 3 என்று எழுதி முடித்தபோது
பக்கத்து நாற்காலிக்காரர்
மூக்குக்கண்ணாடியைத் துடைக்கிற சாக்கில் எட்டிப் பார்த்தார்.
மூன்றுக்கு முன்னால் ஒரு கோடு போட்டேன்.
சின்னக் கோடு.
ஈர்க்குச்சி கிடக்கிற மாதிரி.

ஏலக்காய் ஸ்டோரில் பதினேழு வருஷமாகச் சல்லடை பிடிக்கிறேன்.
எட்டு மில்லிக்குக் கீழே விழுந்த காயை
எட்டு என்று ஒருநாளும் எழுதியதில்லை.
முதலாளியே கேட்டும் எழுதியதில்லை.

முதல் பரிசு எனக்குத்தான். பிரஷர் குக்கர்.
கூட்டம் என் தாளின் முன்னால் நின்று
கைபேசியில் படம் எடுத்தது.
போகட்டும், பதின்மூன்று போட்டால்
பல்வலி மருந்துதான் கிடைக்கும் என்று
குக்கரை இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கி வந்தேன்.

இந்த வருஷம் எனக்கு மூன்றாவது இடம்.
முதல் பரிசு அணக்கரை ஜிஜி வர்க்கிக்கு,
லாரி டயருக்கு ரப்பர் ஒட்டுகிற ஆள்.
கையில் அரைக் கிளாஸோடு நேரே என்னிடம் வந்தார்.

"சேச்சியோட கணக்குதான், அப்படியே.
கோதுமை மட்டும் பாதிக் கைப்பிடி.
கை சின்னதுன்னு எழுதியிருந்தீங்கல்ல."
விரித்துக் காட்டினார்.
என் கை இரண்டு அதில் படுத்துத் தூங்கும்.

"கிராம்பு போடும்போது பயந்துட்டேன்.
ஏழு போட்டுட்டு நிறுத்தினேன்.
அப்புறம், ஜெனோவா சேச்சி எழுதினா
காரணம் இல்லாம எழுதமாட்டாங்கன்னு
மிச்சம் ஆறையும் போட்டேன்."

குடித்தேன்.
முதலில் காரம், மூக்கு வரைக்கும்.
அதற்குப் பின்னால்
என் பரணியில் ஒருநாளும் மிஞ்சாத இனிப்பு.
கிராம்பின் காட்டம் ஈஸ்ட்டைப் பாதி வழியில் அடக்கி
சர்க்கரையைத் தின்னவிடாமல் தடுத்திருக்கிறது.
அடியில் என் திராட்சை, என் கோதுமை,
தொடாமல் விட்ட என் ஒன்பது நாள்.
சொந்தப் பிள்ளை
அடுத்த வீட்டுச் சட்டையில் வந்து நிற்கிறது.

சுவரில் இரண்டு தாளும் அருகருகே.
மனசு உறுத்தி இந்த முறை நான் 3 என்றே எழுதியிருந்தேன்.
அவர் தாளில் 13,
சந்தேகத்துக்கு இடமில்லாமல் எழுத்திலும்: பதிமூணு.
யாரோ ஒரு பெண் கேட்டாள்,
"இதில் எது சரி, நீங்க ஒண்ணை விட்டுட்டீங்களா?"

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.
நாக்கு மரத்துப் போயிருந்தது.

பையில் ஏலக்காய் மூட்டைச் சீட்டு ஒன்று கிடந்தது.
அதன் பின்புறத்தில்
ஜிஜியின் தாளைப் பார்த்து முதல் வரியிலிருந்து எழுதிக்கொண்டேன்.
கோதுமைக்கு வந்ததும்
முழுக் கைப்பிடி என்று திருத்தினேன்.
கிராம்பைத் திருத்தவில்லை.

"சேச்சிக்கு எதுக்கு இது?" என்று சிரித்துக்கொண்டே
இன்னும் கால் கிளாஸ் ஊற்றினார் அந்த மனுஷன்.