வளைவுக்கு முன்னால்

வார நாட்களில் கியூர்ப்பீப்பில் காப்பீட்டு அலுவலகம்.
தவணை தவறிய தேதிக்கும்
எலும்பு முறிந்த தேதிக்கும் நடுவே
எத்தனை நாள் என்று எண்ணிச் சொல்வது என் வேலை.
ஞாயிறுகளில் மோட்டார் சைக்கிளின் பின்னிருக்கை,
மடியில் அட்டை, கழுத்தில் கடிகாரம்:
பந்தய நடுவர்.
கேட்டால், இரண்டும் ஒரே உத்தியோகம்தான்.

நான்காம் நாள் ஓட்டம் மாயேபூரில் முடிகிறது, கடலோரம்.
போ வலோன் கரும்பு தீர்ந்து
வீடுகள் தொடங்கும் இடத்தில்
காற்றடைத்த வளைவொன்று நின்றது,
நெற்றியில் மூன்று என்ற எண்ணோடு.
தென்கிழக்குக் காற்று அதன் விலாவில்
குத்திக்கொண்டே இருந்தது.
ஒரு பையன் கயிற்றைப் பிடித்துத் தொங்கினான்.

விதி எளிது.
வளைவுக்கு முன்னால் சக்கரம் செத்தால்
உன் பாடு, உன் கடிகாரம்.
வளைவுக்குப் பின்னால் என்றால்
எந்தக் கூட்டத்தில் வந்தாயோ
அந்தக் கூட்டத்தின் நேரம் உனக்கு.
உருட்டி வா, நொண்டி வா,
கோட்டை மட்டும் தாண்டிவிடு.
வரிசையில் கடைசி, நேரத்தில் முதல் கூட்டம்.
மலையுச்சியில் முடியும் நாளில் மட்டும்
இந்தத் தயவு இல்லை.

லோகநாதென் வைத்திலிங்கம், மஞ்சள் சட்டை,
விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிறவன்,
ஒன்பது நொடி முன்னிலை.
இருபத்து மூன்று பேர் கூட்டத்தின் வாலில் அவன்,
அவனுக்குப் பின்னால் நான்.

வளைவுக்கு இருநூறு மீட்டர் இருக்கும்போது
அவன் பின்சக்கரத்தின் வயிறு
தரையில் லேசாகப் பரவியது.
நான் பார்த்தேன்.
அவன் பார்க்கவில்லை.
எழுந்து நின்று மிதித்தான், வளைவைக் கடந்தான்,
அப்புறம்தான் இரும்பு தாரில் உரசும் சத்தம்,
அப்புறம்தான் கை உயர்ந்தது.
ஓரத்தில் நின்ற கூட்டம் ‘ஐயோ’ என்றது,
இந்தத் தீவில் எல்லா மொழிக்கும் பொதுவான அந்த ஐயோ.

கடைசி எண்ணூறு மீட்டரில் இன்னொரு கதை.
ரெயூனியன்காரன் குயோம் திஜூ
மஞ்சள் சட்டை எங்கே போயிற்று என்று
திரும்பித் திரும்பிப் பார்த்தவன்
தடுப்பில் போய் மோதினான்.
மூன்று நிமிடம் கழித்து
சைக்கிளைத் தோளில் போட்டு, சிரித்துக்கொண்டே
கோட்டைத் தாண்டினான்.
இழப்பு: ஒன்றுமில்லை.
நானேதான் எழுதினேன்.

மேசையைச் சுற்றி வைத்திலிங்கத்தின் குழு.
கை உயர்ந்த படம் மூன்று தொலைபேசிகளில்,
மூன்றிலும் வளைவு அவன் முதுகுக்குப் பின்னால்.
டயரைக் கழற்றினார்கள்.
நகத்தளவு கம்பித் துண்டு, துருப்பிடித்தது.
இன்று ஏறியதா, நேற்று ரோஸ் பெல்லில் ஏறியதா,
அந்தத் துரு சக்கரத்துக்குள் பிடித்ததா, வெளியிலா?
எனக்குத் தெரிந்த ஒருவர்
மார்புவலி எப்போது தொடங்கியது என்ற கட்டத்தில்
‘ஞாபகமில்லை’ என்று எழுதிக் கொடுத்தார்.
ஞாபகமில்லை என்பது தேதி அல்ல என்று
கடிதம் அனுப்பியவள் நான்.

தலைமை நடுவர் பேனாவை என் பக்கம் தள்ளினார்.
படத்தில் கை இருக்கிறது.
வயிறு என் கண்ணில் மட்டும் இருக்கிறது.

ஒரு நிமிடம் ஐம்பத்திரண்டு, என்று எழுதினேன்.
முதலிடத்திலிருந்து பதினோராமிடம்.

அவன் வந்தான், முழங்காலில் கருப்பு எண்ணெய்.
கிரியோலில் கேட்டான்:
நீங்க பார்த்தீங்களா?
பார்த்தேன்.
எனக்கு முன்னாடியேவா?
உனக்கு முன்னாடியே.
கொஞ்ச நேரம் என் கடிகாரத்தையே பார்த்தான்.
பிறகு, அப்போ கத்தியிருக்கலாமே, என்றான்.

நடுவர் கத்தக்கூடாது என்பதும் விதிதான்.
அதை நான் சொல்லவில்லை.

திரும்பி வரும்போது போ வலோனில்
வளைவைச் சாய்த்திருந்தார்கள்.
அந்தப் பையன் அதன்மேல் குப்புறப் படுத்து
மிச்சக் காற்றை நெஞ்சால் நெருக்கிக்கொண்டிருந்தான்,
மூன்று அவனுக்கடியில்
சுருங்கிச் சுருங்கி.