இறந்தவர் பெயர்

இ-பாஸில் மூன்றே காரணங்கள்:
திருமணம், மருத்துவம், மரணம்.
வீடு மாறுகிறவர்களுக்கு இடமில்லை.
ராத்திரி பன்னிரண்டரைக்கு, சார்ஜ் இறங்கும் போனில்
மரணத்தைத் தொட்டேன்.
உடனே அடுத்த கட்டம் திறந்து கேட்டது:
இறந்தவர் பெயர்.

என் ஆட்களில் யாரைக் கொடுக்க?
எல்லோரும் ஒருவருக்கொருவர்
கபசுரப் பொடி அனுப்பிக்கொண்டிருந்த மாதம் அது.
கிட்டுசாமி என்று அடித்தேன்.
எங்கள் வீட்டுக்காரர். வயது அறுபத்தெட்டு.
ஆஸ்பத்திரி சலவை எந்திரத்தில் நிற்கிற ஆளை
இனி வைத்துக்கொள்ள முடியாது,
தப்பா நெனச்சுக்காதீங்க என்று
கேட்டுக்கு வெளியே நின்றே சொன்னவர்.
அட்வான்ஸைக் கவரில் போட்டுக்
கம்பியில் செருகிவிட்டுப் போனவர்.
தப்பாக நினைக்கவில்லை.
சாகடித்தேன், அவ்வளவுதான்.

கோவிந்தாபுரம் செக்போஸ்டுக்கு மேல்
டெம்போ போகக் கூடாது.
அந்தப் பக்கத்து ஜீப் முதுகு காட்டி நின்றது.
நடுவில் பன்னிரண்டடி தார்ச்சாலை.
அதன் மேல் இறங்கியது எங்கள் குடித்தனம்:
கிரைண்டர், கால் ஆடும் கட்டில்,
மழைத்தூறலில் வாய் பிளந்த அரிசிமூட்டை.
பீரோக் கண்ணாடியில் பார்த்துத்
தன் மாஸ்க்கைச் சரிசெய்துகொண்ட போலீஸ்காரர்
திரும்பிக் கேட்டார்:
"சாவுக்குத்தானே போறீங்க? பீரோ எதுக்கு?"

சிவானந்தம் எச்சில் விழுங்கினார்.
"கோடி போடங்க."
"கோடித்துணியா? பீரோவோடயா?"

மாஸ்க்குக்கு மேலே இரண்டு கண்ணும் சுருங்கின.
அதைச் சிரிப்பு என்றே வைத்துக்கொண்டேன்.
தடுப்பை ஓர் ஆள் நுழையுமளவு நகர்த்தினார்.

கொல்லங்கோட்டு வீட்டுக் கதவில்
எங்களுக்கு முன்பே ஒரு தாள் குடிவந்திருந்தது.
மலையாளத்தில் எனக்குப் படிக்கத் தெரிந்தது எண் மட்டும்:
14.
மதில்மேல் யாரோ பால் பாக்கெட் வைத்திருந்தார்கள்.
கேஸ் வரவில்லை.
எலெக்ட்ரிக் கெட்டிலில் காய்ச்சினோம்.
நல்லாத்தான் பொங்கியது,
பியூஸையும் சேர்த்துக்கொண்டு போயிற்று.
புதுவீட்டில் முதல் ராத்திரி
இருட்டில் ஆளுக்கு அரை டம்ளர்.

காலை எட்டு மணிக்கு பிரசீதா கூப்பிடுவாள்,
சுகாதார நிலையத்திலிருந்து.
"பனியுண்டோ?"
சன்னலைத் திறந்து பார்த்துச் சொன்னேன்,
"இருக்குங்க. மலைமேல நெறைய."
"எத்ர திவசமாயி?"
"வந்ததுலருந்தே."
பதினோரு மணிக்கு ஆம்புலன்ஸ்.
மூக்கில் குச்சி விட்டுக் கண்ணீர் வந்த பிறகுதான்
அவள் பனிக்குக் காய்ச்சல் என்று பொருள் தெரிந்தது.
நியாயமாக நெல்லியாம்பதி மலைக்கல்லவா
எடுத்திருக்க வேண்டும் அந்த டெஸ்ட்டை.

ராத்திரிச் செய்தியில்
கோவை மாவட்டத்தில் இன்று இத்தனை என்பார்கள்.
பெயர் சொல்ல மாட்டார்கள்.
அவருக்குச் சர்க்கரை உண்டு.
மாடிப்படியில் பாதியில் நின்று
செடியைப் பார்ப்பதுபோல் மூச்சு வாங்குவார்.
நான் அடித்த பெயரை எங்கே வைத்திருக்கிறார்களோ,
எந்தக் கணக்கில் யார் எடுத்துச் சேர்த்தார்களோ.
சிவானந்தம் தூங்கியதும்
எண்ணை மறுபடி பார்ப்பேன்,
அதற்குள் ஓர் ஆள் தெரிவதுபோல.

பன்னிரண்டாம் நாள் மத்தியானம் போன்.
"ஏம்மா, பாத்ரூம் பல்பைக் கழட்டிட்டுப் போயிட்டீங்களே.
அது வீட்டோட பல்பு."

நாங்கள் வாங்கியது. நாற்பது ரூபாய்.
அதைச் சொல்ல வாய் திறந்து,
"நல்லா இருக்கீங்களாங்க?" என்றேன்.
என் குரல் போன போக்கை
அவர் என்னவென்று எடுத்துக்கொண்டாரோ,
கொஞ்ச நேரம் சத்தமில்லை.
"இருக்கறேன்" என்றார்.
"அங்க தண்ணி எப்படி?"
"பரவால்லீங்க."
"செரி. பல்பு இருக்கட்டும்."

அது இங்கே பாத்ரூமில்
பகலிலும் எரிந்துகொண்டிருந்தது.
நான் அணைக்கவில்லை.