இடக்கைக்காரி

லீமாவில் ஜூலை மாதம் மழை பெய்வதில்லை,
காற்றே கொஞ்சம் நனைந்துவிடும்.
நோட்டுகளும் நமத்துப்போய் வரும்,
ரப்பர் பேண்ட் போட்டு, போலீஸ் முத்திரையோடு,
சிலசமயம் வறுத்த கோழி வாசனையோடு.

எட்டெல்வினா உடனே கண்ணாடியைத் தேடுவதில்லை.
கட்டைவிரலை ஓட்டிப் பார்ப்பாள்.
அசல் மை மேடு தட்டும்,
ஆறிய புண்ணின் வடு மாதிரி.
போலி வழுக்கும்.
அப்புறம்தான் நீல விளக்கு, மைக்ரோஸ்கோப்,
காலருக்குக் கீழே அந்தத் தூசி.
ஒரே தூசி, நானூறு நோட்டிலும்.
என்றைக்கோ ஒரு தகட்டில் விழுந்தது
மீன் வாங்கி, டாக்சி ஏறி,
மாதா கோவில் உண்டியலில் படுத்துக் கிடந்து
இவள் மேசைக்கு வந்து சேரும்.

தூசி இயந்திரத்தின் சமாச்சாரம்.
இவளைப் பிடித்துக்கொண்டது நூல்.
காகிதம் பிறக்கும்போதே உள்ளே ஓடவேண்டிய வெள்ளி இழையை
இந்தக் கும்பல் ஊசியால் கோக்கிறது.
மேலே, கீழே, மேலே.
நோட்டுக்கு ஏழு தையல்,
ஏழும் இடப்பக்கம் சாய்ந்து ஏறும்.

அறிக்கையில் எழுதினாள்:
‘கையால் முடித்தது. அநேகமாக இடக்கைப் பழக்கம்.’

எழுதாமல் வைத்துக்கொண்டது:
சின்ன உருவம். சமையலறை மேசை.
ரேடியோவைச் சன்னமாக வைத்துக்கொள்பவள்.
நாலாவது தையலில் மூச்சை நிறுத்துவாள்,
அங்கே மட்டும் இழை இறுகியிருக்கும்.

மூன்றாம் வருஷக் குளிரில் தையல் நடுங்கியது,
பதினோரு வாரம்.
எட்டெல்வினா அவளுக்கு ஒரு பிள்ளையைக் கொடுத்தாள்.
பிள்ளைக்குக் காய்ச்சலைக் கொடுத்தாள்.
பன்னிரண்டாம் வாரம் தையல் நேரானபோது
காப்பியில் ஒரு கரண்டி சர்க்கரை
கூடப் போட்டுக்கொண்டாள்.

ஆறாம் வருஷம் பிடித்துவிட்டார்கள்,
மலைச்சரிவில், டயர் கடைக்குப் பின்னால்.
நீதிமன்ற வராந்தாவில் நிறுத்தியிருந்தார்கள்:
செலெடோனியோ யுபாங்கி, வயது ஐம்பத்தெட்டு,
கதவை அடைக்கும் தோள்,
லாரித் தார்ப்பாய் தைத்துக் காய்த்த விரல்கள்.
விலங்குக்குள் இடது கை மேலே கிடந்தது.

“எது காட்டிக்கொடுத்தது, டாக்டர்?”
“தூசி.”
“தையல் இல்லையே?”
“இல்லை.”
அவன் நெஞ்சு நிமிர்ந்தது, லேசாக.
கேட்டிருக்கக் கூடாது. கேட்டுவிட்டாள்:
மூணு வருஷத்துக்கு முந்தின குளிர்காலம்,
கை ஏன் நடுங்கியது?
“கரண்ட்டைப் பிடுங்கிவிட்டார்கள். மெழுகுவத்தி வெளிச்சம்.”
“பணம் கட்டியிருக்கலாமே?”
சிரித்தான். முன்பல் ஒன்று இல்லை.
“எந்தப் பணத்தை?
அந்த அலுவலகத்தில் ஒவ்வொரு நோட்டையும்
விளக்கில் பிடித்துப் பார்க்கிறார்கள்.”

மினிபஸ்ஸில் அன்று உட்கார இடம் கிடைத்தது.
கண்டக்டர் வாசலில் தொங்கிக்கொண்டு
ஊர்ப் பெயர்களை ஏலம் விட்டான்.
ஒருத்தியைத் தானே வரைந்து, தானே வெட்டி,
தன் கையிலிருந்து தானே வாங்கிக்கொண்டு
ஆறு வருஷம்.
ஒருநாள்கூட வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கவில்லை.
செல்லாத நோட்டை எரிக்கப் படிவம் இருக்கிறது,
மூன்று பிரதி, இரண்டு சாட்சி.
காய்ச்சலில் கிடந்த அந்தப் பிள்ளையை
எந்தப் படிவத்தில் ஏற்றுவது?

திங்கட்கிழமை புதுக் கட்டு.
வேறு தகடு, தூசி இல்லை, காதோரம் ஒரு கீறல்.
நூல் உண்டு. ஆறே தையல். வலக்கை, அவசரம்.
எழுதினாள்: ‘கையால் முடித்தது.’
முற்றுப்புள்ளி வைத்தாள்.
நல்ல அழுத்தமாகவே வைத்தாள்.
கண்ணை எடுக்கப்போகும்போதுதான் பார்த்தாள்,
ஐந்தாவது தையல் துள்ளி விழுந்திருக்கிறது.
எல்லா நோட்டிலும் அல்ல,
அங்கொன்று இங்கொன்று.

இருமல் போலிருக்கிறது.