கழிவு போக

வங்கியில் என் கதிரை அடகுப் பிரிவில்.
தராசு, உரைகல், அமிலக் குப்பி,
கண்ணாடித் தடுப்பில் ஒரு கை நுழையும் ஓட்டை.
அதனூடாகத்தான் வருகின்றன எல்லாம்:
காப்பு, பதக்கஞ் சங்கிலி, பிள்ளையின் அரைஞாண்,
சுரையில் சவர்க்காரம் காயாத கல்லுத்தோடு.

கவுண்டர் பூட்ட அரை மணி இருக்க
பேர்ணிலிருந்து கேதீஸ் எடுத்தான், கடைவாசலில் நின்று.
அவன் மூக்கு பனியில் சிவந்திருந்தது.
கண்ணாடிக்குள் இரண்டு மணிக்கூடுகள்,
இரட்டைப் பிள்ளைகள் போல ஒரே முகம்.
ஒன்று பொன். மற்றது உருக்கு.
"சொல்லு அக்கா, அம்பது வயசுக்கு எது?"

உருக்கு என்றேன், யோசிக்காமல்.
இந்த ஓட்டைக்குள்ளால் உருக்கு ஒருநாளும் வந்ததில்லை.
கழற்றித் தா என்று ஒருவரும் கேட்கப் போவதில்லை.
மகளின் கலியாணம், மோட்டார் சைக்கிள் லீசிங்,
ஆஸ்பத்திரி, மனுசிக்குத் தெரியாத கடன்
ஒன்றுக்கும் அது உதவாது.
உதவாததுதான் கையில் தங்கும், கேதீஸ்.

அவன் சிரித்தது காற்றில் உடைந்து உடைந்து வந்தது.
"இருவத்தாறு வருசம் எவர்சில்வர் தேய்ச்சனான்.
அண்டா, தட்டம், கரண்டி, வடிதட்டு.
கழுவித் துடைச்சு வெளிச்சத்தில பிடிச்சா
அதுக்குள்ள என்ர மூஞ்சை.
இனி அதையே காசு குடுத்து வாங்கிக்
கையில கட்டச் சொல்லுறியோ?"

என்னிடம் பதில் இருக்கவில்லை.
புஸ்பராணி எழும்பி நின்றார், துண்டு இலக்கம் நாற்பத்தொன்று.

வெள்ளைப் பொன்னும் இருக்காம்.
உருக்கென்று பார்ப்பவர் நினைக்கும்படி செய்த பொன்.
கேட்க எனக்கு விசர் வந்தது.
நாங்கள் பொன்னை ஒளித்தது மாட்டுக்கொட்டிலடியில்,
பால்மா ரின்னில், மேலே சாணி பரப்பி.
அங்கே பொன்னுக்குள்ளேயே பொன்னை ஒளிக்கிறார்கள்,
அதற்கு விலையும் கூட.
பிளாட்டினம் வேறு.
கஸ்தூரியார் வீதியில் அதைக் கொண்டுபோய் நீட்டினால்
தேத்தண்ணி தருவார்கள்,
பிறகு நாளைக்கு வரச் சொல்வார்கள்.

வைக்கப் போகிறான் என்று நினைத்தபோது கேட்டான்:
"அம்மான்ர கொடி எத்தினை பவுண்?"

பதினொன்று.
ஏஜென்சிக்காரனின் மேசையில் அது
கிடந்ததை இரண்டு பேரும் பார்த்தோம்.
அவன் அதை நிறுக்கக்கூட இல்லை,
கையில் தூக்கிப் பார்த்துவிட்டு லாச்சிக்குள் போட்டான்.

நான் பிறகு உருக்கைப் பற்றிப் பேசவில்லை.

ஆவணியில் வந்தான், கறுத்தத் தோல்வாரில் பொன்.
கொளுத்தும் வெயிலிலும் நீளக்கைச் சட்டை.
பெட்டியை விட்டுவிட்டு
அந்தக் கையைத்தான் பாரம் போலத் தூக்கிக்கொண்டு திரிந்தான்.
நல்லூருக்குள் ஆம்பிளைகள் மேற்சட்டை போட ஏலாதே.
"வெறும் மேலோட போனா
சனம் சாமியப் பாக்காது, இதைத்தான் பாக்கும்."
பின்னேரப் பூசைக்குப் போகிற வழியில்
வங்கிக்குள் வந்து, பூட்டின கவுண்டரில்,
அதே ஓட்டையால் கையை நீட்டினான்:
"இதை வைச்சிரு அக்கா."

எங்கள் பிரிவில் அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம்.
பக்கத்துக் கதிரைச் சிந்துஜா வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவன் போனதும் தராசில் போட்டேன்.
பழக்கதோசம்.
எண்பத்தாறு கிராம்.
கண்ணாடிக் கழிவு, இயந்திரக் கழிவு, வார், கொளுக்கி.
மிஞ்சினதும் பதினெட்டுக் கரட்,
நாலில் ஒரு பங்கு செம்பும் மற்றதும்.
தாராளமாய்ப் போட்டாலும் ஐந்தரைப் பவுண்.
இரண்டாம் தரமும் நிறுத்துப் பார்த்தேன்.

இதை அவனிடம் சொல்லப் போவதில்லை.

பற்றுச்சீட்டு எழுதாமல் உள்ளங்கையில் வைத்திருந்தேன்.
விநாடி முள் தடக்காமல் வழுக்கிக்கொண்டு போனது.
கோயில் மணி கேட்டது. சுவர்மணிக்கூட்டில் ஐந்து.
இதில் ஒன்றரை.
முள்ளைத் திருப்ப மறந்தானோ, மனமில்லையோ.
திருகில் விரலை வைத்தேன், எடுத்தேன்.

அங்கே இப்போது
மதியத் தட்டங்கள் வந்து குவிகிற நேரம்.