தோய்ச்சல்

என்ன செய்யப் போறாய் என்று கேட்டார்கள்.
டிப், என்றேன்.
டிப் எண்டா?
பாண்துண்டை அதுக்குள்ள தோய்ச்சுத் தின்னுறது.
ஓ, சொதி,
என்றாள் ஃபர்வீன்.

சொதி இல்லை. சீஸ்.
தகரத்தில் வருவது பாதி.
மிச்சம், கடைக் குளிர்ப்பெட்டியில்
கல்லாய்க் கிடந்த மஞ்சள் கட்டி,
விலையைப் பார்த்து இரண்டு தரம் திருப்பி வைத்து
மூன்றாம் தரம் எடுத்தது.
கொட்டியார்க் குடா இறால் அரைக் கிலோ,
ஓடு கழற்றி, முதுகில் கறுத்த நூலை இழுத்து,
பட்டரில் ஒரு பிரட்டு மட்டும்.
உள்ளி, பச்சைக் கொச்சிக்காய், மிளகு.
தேசிக்காய்த் தோலைச் சுரண்டும்போது
வெள்ளை வரக்கூடாது, கசக்கும்.
எல்லாவற்றுக்கும் மேலே
நேற்றைய றோஸ் பாணைப் பொடித்துத் தூவினேன்.

விருந்து ஸ்ரெல்லாமேரிக்கு.
ஓட்டோவின் அறுபதாவது லீசிங் தவணையை
இன்று காலை கட்டி முடித்து
ரசீதை மாதா படத்துக்குப் பின்னால் செருகியவள்.
கொரோனாவில் நாலு மாதம்
சில்லு உருளவில்லை, வட்டி உருண்டது.
பிறகு பெற்றோல் வரிசை.
பின் சீற்றில் முழங்காலை மடக்கி
மூன்று இரவு நித்திரை கொண்டாள்,
நாலாம் நாள் பெற்றோல் முடிந்துவிட்டது என்றார்கள்.

ஆறே முக்காலுக்குக் கரண்ட் போனது.
மின்சார சபையில் பில் கவுண்டரில் இருப்பவள் நான்.
யாருக்குக் கோல் எடுத்து ஏசுவது?
அவணுக்குள் தட்டு பச்சையாய் இருந்தது.
உவர்மலை முழுக்க இருட்டு.
முதலில் வந்த விருந்தாளி அவள்தான்.
பார்த்தாள். சாறியை இழுத்துச் செருகினாள்.
ஏறடி, தட்டோட ஏறு.
சொந்த வண்டியில முதல் ஹயர் நீதான்.

என் மடியில் சீஸ், துவாயால் மூடி,
ஒவ்வொரு குழிக்கும் நான் மூச்சை அடக்க,
பஸ் நிலையத்தடியில் மான்கள் மூன்று
வீதிக்கு நடுவில் நின்றன.
இந்த ஊரில் அவைக்கு வாடகையும் இல்லை, தவணையும் இல்லை.
ஸ்ரெல்லா ஹோண் அடிக்கவில்லை.
எஞ்சினை நிப்பாட்டிவிட்டு
கையைக் கட்டிக்கொண்டு இருந்தாள்.
நேற்றென்றால் அடித்திருப்பாள்.

ஜமாலியாவில் இர்ஷாத்தின் போறணை.
பின்னேரப் பாண் இறக்கி முடிந்து
கல் மட்டும் சூடாய் இருந்தது.
காதிலிருந்த ஒரு ஹெட்போனைக் கழற்றி,
புடிங்கா, என்றான்.
சொதி, என்றாள் ஸ்ரெல்லா.
நீண்ட மரத்துடுப்பில் தட்டை வைத்துத் தள்ளினான்,
வள்ளம் இறக்குவது போல.

காத்திருந்தபோது அந்தச் சொல் வாயில் கிடந்தது.
கன்னியாவில் சுடுநீரில் தோய்கிறோம்.
மூதூர் எருமைப்பால் சட்டிக்குள் தோய்கிறது.
பிளேன்ரீயில் பிஸ்கட் தோய்க்க ஒரு கணக்கு உண்டு,
ஒரு கணம் பிந்தினால்
கோப்பைக்கு அடியில்தான் தேட வேணும்.
இவ்வளவு இருக்க
டிப் என்று எதற்குச் சொன்னேன்?

பன்னிரண்டு நிமிஷம்.
ஓரமெல்லாம் கொதித்து, குமிழ் வெடித்து,
மேல் பொடி கருகவோ வேண்டாமோ என்ற நிறத்தில் வந்தது.
காசு வேணாம், ஒருக்காத் தோய்ச்சுப் பாக்கிறன்,
என்று பாண் ஓரத்தைப் பிய்த்தான்.
வாய் வெந்துவிட்டது. பேச்சு வரவில்லை.
கையால் காட்டினான்:
போ, போ, ஆற முதல்.

திரும்பி வந்தபோதும் இருட்டு.
ஃபோன் வெளிச்சத்தில், ஒரே தட்டில்
பதினொரு பேரின் கைகள்.
சீஸ் நூலாய் இழுபட்டு யாருடைய முழங்கையிலோ ஒட்டியது.
இறால் எனக்கு வரேல்லை என்று ஒரு குரல்,
சும்மா சொல்லாத என்று இன்னொன்று.
கரண்ட் வந்தது.
லைற்றை நிப்பாட்டு, என்றாள் ஃபர்வீன்,
ஆர் எவ்வளவு தின்னுறது எண்டு தெரியுது.

ஸ்ரெல்லாவின் ஃபோன் அடித்தது.
உப்புவெளி ஹோட்டல், நல்ல ஹயர்.
இரண்டு கையையும் தூக்கிக் காட்டினாள், விரலெல்லாம் மஞ்சள்.
எடுக்கேலாது, என்றாள்.
அது அடித்து அடித்து ஓய்ந்தது.
ஐந்து வருஷத்தில் அவள் விட்ட முதல் ஹயர்.

தட்டின் மூலையில் அடிப்பிடித்தது கொஞ்சம் இருந்தது.
கரண்டியை அவள் பக்கம் தள்ளினேன்.