ஹீட்டர்

குதிரைமொழித் தேரியை விட்டுக் கிளம்பும்போது
காலை நாலரை.
கொல்லாமரங்களுக்கு நடுவில் செம்மணல்
இருட்டிலும் வெதுவெதுப்பாகத்தான் கிடந்தது.
பதினேழு வருஷத்து மாருதி எண்ணூறு, என் பேரில்.
லைசென்ஸ் வந்து நாற்பது நாள்.
கனிராஜுக்கு வண்டி ஓட்டத் தெரியாது.
வழி சொல்லத் தெரியும்,
தப்பாக.

பின்சீட்டில் ஷெர்லின், ஜெபின்,
காலுக்கடியில் நுங்கு, கேனில் பதநீர்.
"மேகம் ரோட்டுல இறங்குமாமே,
கையில ஒட்டுமாம்மா?" என்று
விளாத்திகுளம் விலக்கு வரை
பதினோரு தடவை கேட்டான் ஜெபின்.

எட்டயபுரம் தாண்டியதும் கரிசல்.
வெடித்த நிலம், உடைமரம்,
ஒரு ஆடு கூட நிற்காத நிழல்.
அருப்புக்கோட்டைக்கு முன்னால்
முள் சிவப்பைத் தொட்டது.

மெக்கானிக்குக் கீழ்மீசை கூட முளைக்கவில்லை.
பானெட்டைத் திறந்தான், விலகி நின்றான்.
"ஹீட்டரப் போட்டுட்டே போங்கக்கா, முழுசா.
எஞ்சின் சூட்ட உள்ள இழுத்துக்கிடும்."

மே மாதம்.
அருப்புக்கோட்டை.
ஹீட்டர்.

வெளியிலிருந்து வந்தது அனல்.
உள்ளிருந்து வந்தது
அதன் சகலை.
கனிராஜ் பனியனோடு உட்கார்ந்து
இ-பாஸ் காகிதத்தால் எனக்கு விசிறினார்.
மதுரை பைபாஸில், மெதுவாக,
"திரும்பிருவமா?" என்றார்.
நான் மூன்றிலிருந்து நாலுக்கு மாற்றினேன்.
அதுதான் பதில்.
அதை அவர் விளங்கிக்கொள்ள
வாடிப்பட்டி வந்துவிட்டது.

வத்தலக்குண்டில் எல்லா பாட்டிலும் நிரப்பினோம்.
மலையில் ஏழு இடத்தில் நிறுத்தினேன்.
பிள்ளைகளுக்கு வாங்கிய தண்ணீரில் பாதிக்குமேல்
வண்டி குடித்தது.
பதநீர் மட்டும் கொடுக்கவில்லை.

டம் டம் பாறைக்குப் பக்கத்தில்
கனிராஜ் ஜன்னல் வழியே வாந்தியெடுத்துக்கொண்டிருக்க
பின்னால் பஸ் விடாமல் ஹாரன் அடித்தது.
ரெண்டாம் கியர்,
கொண்டை ஊசி வளைவு,
கிளட்சில் இடதுகால் நடுங்கியது.
ஒதுங்கவில்லை. ஒதுங்க இடமில்லை.
பஸ்காரர் பிறகு முந்தும்போது
ஏதோ சொல்லிக்கொண்டே போனார்,
கண்ணாடி மூடியிருந்ததால் அது
பாராட்டாகக்கூட இருக்கலாம்.

பெருமாள்மலையில் மேகம் இறங்கியது.
முன்னால் போன ஜீப் அழிந்தது,
பிறகு மரங்கள்,
பிறகு எங்கள் பானெட்டின் நுனி.
ஷெர்லின் பேச்சை நிறுத்திவிட்டாள்.
ஜெபின் வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தான்,
கன்னத்தில் சீட்டின் வரி.
எழுப்பப் போனேன்.
"விடு, மேகம் நாளைக்கும் இருக்கும்" என்றார் கனிராஜ்.
அன்று அவர் சரியாகச் சொன்ன
ஒரே வழி.

கொடைக்கானலில் ரூம் வாடகை கேட்டுவிட்டு
பூம்பாறைக்குப் போனோம்.
பூண்டு வியாபாரி ஒருவரின் மாடி அறை.
சாவி மன்னவனூர் போயிருக்கிறது,
வந்துகொண்டே இருக்கிறது என்றார்கள்.
இருட்டில் படிப்படியாக வயல்,
எல்லாப் பக்கமும் பூண்டு வாசம்,
பல் கிட்டிக்கும் குளிர்.
ஸ்வெட்டர் ஒன்றுதான். பிள்ளைகள் ரெண்டு.

"ஹீட்டரப் போடேம்மா" என்றாள் ஷெர்லின்.
குமிழைத் திருகினேன்.
ஒரு முனகல், கருகிய வாசம்,
அவ்வளவுதான்.
பகல் முழுக்க வேண்டாம் வேண்டாமென்று வாங்கிக்கொண்டோம்,
கேட்கும்போது இல்லை.

கனிராஜ்தான் முதலில் இறங்கி
பானெட்டில் கை வைத்தார்.
எங்களையும் கூப்பிட்டார்.
நாலு பேரும் சுற்றி நின்றோம்
எட்டு உள்ளங்கைகளோடு.
அடியில் எங்கேயோ இரும்பு டிக் டிக்கென்று ஆறிக்கொண்டிருந்தது.
பதநீர் புளித்திருந்தது.
ஒரு மிடறு குடித்தவர்
மூடியை இறுக்கிவிட்டு, பிறகு மறுபடி திறந்தார்.

டார்ச்சோடு வந்தவர்
எங்களைப் பார்த்து நின்றுவிட்டார்.
"என்ன, வண்டிக்குக் காய்ச்சலா?"

"விட்டுட்டு" என்றேன்.

ஜெபின் தன் கையைத் தூக்கி
வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
ஈரம்.
நகத்திடுக்கில் இன்னும்
தேரிச் சிவப்பு.