மைனஸ் பதினெட்டு

நார்வேயின் வடகோடி, வார்டோ.
மீன் கிடங்கின் சாவி என்னிடம்.
ராத்திரி ஒன்பதுக்கு வந்தாள் தூருன்,
கையில் பெட்டி, தோளில் ஒரு ரப்பர் ஆள்.
"குளிரில் பேட்டரி செத்துப்போகிறது,
சாகக்கூடாத நேரமாய்ப் பார்த்து" என்றாள்.

காட் மீன் அடுக்குகளுக்கு நடுவே
அவனைக் கிடத்தினோம்.
மார்பின் மேல் வளைந்த ஒரு சட்டம்,
நடுவே கீழ்நோக்கிய உறிஞ்சுக் கிண்ணம்.
அழுத்தி, விட்டு, அழுத்தி, விட்டு,
நிமிடத்துக்கு நூறு. ஐந்து சென்டிமீட்டர் ஆழம்.

பதினோராம் நிமிடத்தில் நின்றது.

திட்டினாள். திருகினாள்.
கையுறையைக் கழற்றிப் பேட்டரிக்குப் போர்த்தினாள்.
மறுநாள் பத்தொன்பது.
அதற்கடுத்த நாள், ஏனோ, பதினான்கு.

அவளிடம் நான் சொல்லவில்லை:
படகுத்துறையில் என் தம்பி ஹல்வார் விழுந்தபோது
நால்வர் மாற்றி மாற்றி அழுத்தினோம்.
பனியில் ஆம்புலன்ஸ் வந்து சேர
நாற்பத்திரண்டு நிமிடம்.
முப்பதுக்கு மேல் என் மணிக்கட்டு
என் பேச்சைக் கேட்கவில்லை.
யார் முறையில் அவன் போனான் என்று
நாங்கள் நால்வரும் இதுவரை பேசிக்கொண்டதில்லை.

ஆறாம் இரவு முப்பதைத் தாண்டியது.
தூருன் காபி ஊற்றி நீட்டினாள்.
வாங்கி எங்கோ வைத்தேன்.
நாற்பது.
நாற்பத்தொன்று.
இரண்டு.
மூன்று.

"போதுமே, நிறுத்தலாமா?"

"ஓடட்டும்" என்றேன்.

இறங்கி ஏறியது ரப்பர் மார்பு.
ஞாபகம் வந்து கோப்பையை எடுத்தபோது
காபியின் மேல் ஏடாய்ப் பனி.